கைராசியும் பதினோரு ஐ.சி.யும்

போடியில் ஒரு பொருளுக்கு விலை கூடுதல் என்றால் அதை வைக்கிற விதம் ஒன்றுதான். முதலில் சுக்காகக் காயவைக்க வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்ட வேண்டும். அதற்கப்புறம் காற்று நுழையாத இருட்டில் வைத்துவிட்டு மறந்துபோக வேண்டும். ஏலக்காய் அப்படி இருந்தால்தான் பச்சை மாறாமல் நிற்கிறது. வீட்டுப் பத்திரம், கல்யாணப் பட்டு, ஜாதகம் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே திருப்பதி என்கிற நம்ம ஆள் மதுரையிலிருந்து ஐ.சி. என்கிற மின்னணுச் சில்லு வாங்கி வந்தபோது அதை எப்படி வைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. போடிக்காரனுக்கு இதைப் போய் இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்ன?

திருப்பதி பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். பத்து வருட சர்வீஸ். வீட்டில் பின்பக்கத்து அறை ஒன்றைத் தன் பட்டறையாக வைத்திருந்தான். ரேடியோ பழுது பார்ப்பான், அயர்ன்பாக்சுக்குக் காயில் மாற்றுவான், பழுதில்லாத கடிகாரத்தையும் திறந்து பார்ப்பான். அவன் மனைவி பொன்னுமணி அந்த அறையை ‘ஆஸ்பத்திரி’ என்பாள். உள்ளே போன சாமான் எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை என்பது அவள் கணக்கு. இரண்டு வயது மகள் ஜக்கம்மாளுக்கு அந்த அறைக்குள் நுழைவதைத் தவிர வேறு சோலி கிடையாது.

எண்பத்து நாலாம் வருசம் ஆனி மாதம் இந்த ஐ.சி. சங்கதி ஆரம்பித்தது. பொன்னுமணியின் அப்பா கன்னையனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். அங்கேயே ஒரு ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியாகச் சூடேற்றிக் காயவைக்கிற கட்டடம். சூடு குறைந்தால் காய் உலராது. கூடினால் பச்சை போய் மஞ்சளாகி வெடித்துவிடும். போன வருசம் தீ பார்க்கிற மொக்கையன் கொஞ்சம் கண்ணசந்ததில் ஒரு ஸ்டோர் காய் முழுக்க மஞ்சளாகிப் போனது. ‘கண்ணை மூடித்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்’ என்றான் மொக்கையன். 

“நான் ஒரு மணி செஞ்சு தர்றேன் மாமா” என்று திருப்பதி அப்போது வாயை விட்டான். “சூடு கூடுனா தானா அடிக்கும். நாலு பேட்டரிக் கட்டை போட்டா சீசன் பூராம் ஓடும்.”

நாலு பேட்டரிக் கட்டையில் சீசன் பூராவும் ஓட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வகை ஐ.சி. உண்டு. கரண்டை எறும்பு தின்கிற மாதிரித் தின்னும். கறுப்பாக, பதினாலு காலோடு, பூரான் குட்டி மாதிரி இருக்கும். அந்த மணிக்கு ஒன்று போதும். கைவசம் இருக்கட்டும் என்று நாலு வாங்கினான். மதுரைக் கடைக்காரர் நாலையும் ஒரு கறுப்புப் பஞ்சுத் துண்டில் குத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் திருப்பதி செய்த முதல் காரியம் அந்தக் கறுப்புப் பஞ்சைக் குப்பையில் போட்டது. பார்க்க ரப்பர் செருப்பின் அடி மாதிரி இருந்தது, கையில் கரி ஒட்டியது. இவ்வளவு அருமையான சாமானை இவ்வளவு அழுக்கில் குத்தித் தருகிறார்களே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. வெள்ளை வெளேரென்ற தெர்மாகோல் துண்டுகளில் ஐ.சி.களைக் குத்தினான். ஒவ்வொன்றையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு நூலால் கட்டி, பெயர் எழுதிய சீட்டு ஒட்டினான். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி அறை அறையாகச் செய்திருந்த பெட்டிக்குள் அவற்றை வைத்தான். அந்தப் பெட்டியை மர அலமாரிக்குள் வைத்து, ஈரம் தட்டாமல் இருக்க உள்ளே ஒரு பதினைந்து வாட்ஸ் பல்பைப் பகலும் இரவும் எரியவிட்டான். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது மூன்றுதான் இருந்தது. கடைக்காரர் பேச்சு மும்முரத்தில் ஒன்றைக் குறைத்துக் குத்திவிட்டார் என்று விட்டுவிட்டான்.

பொன்னுமணி வந்து அலமாரியைப் பார்த்தாள்.

“இதுகளுக்குக் குளுருமோ?”

“ஈரம் ஆகாது பொன்னு.”

“அடுப்படியில ஒரு பல்பு பீஸ் போயி பத்து நாளாச்சு” என்றாள் அவள். “எங்களுக்கெல்லாம் ஈரம் ஆகும் போல.”

மூன்று ஐ.சி.யும் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் செருகிப் பார்த்தான். மணி ஊமையாக இருந்தது. வயரிங்கை நாலு தடவை பிரித்துக் கட்டினான். பேட்டரியை மாற்றினான். கடைசியில் மூன்றையும் எடுத்துக்கொண்டு சண்டை போடும் உத்தேசத்தோடு ரயிலேறி மதுரைக்குப் போனான்.

கடைக்காரர் சண்டைக்கு இடம் கொடுக்கவில்லை. புதிதாக நாலு ஐ.சி.யை எடுத்து அவன் கண்ணெதிரே ஒரு பலகையில் ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். நாலுக்கும் விளக்கு எரிந்தது. மறுபடியும் ஒரு கறுப்புப் பஞ்சில் குத்தினார்.

“இதுலயே இருக்கட்டும் சார். கை படாமப் பாத்துக்கங்க. இந்த அயிட்டம் பொசுக்குன்னு போயிரும்.”

திருப்பதி இரண்டாவது வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். கை படக்கூடாது. உசிலம்பட்டி தாண்டியதும் ஐ.சி.களைச் சட்டைப்பையில் இருந்த பாலித்தீன் உறைக்கு மாற்றிவிட்டு, கறுப்புப் பஞ்சை ரயில் ஜன்னல் வழியே எறிந்தான். 

அந்த நாலும் செத்தன. அலமாரியில் ஒரு ராத்திரி பல்புச் சூட்டில் பத்திரமாக இருந்துவிட்டுக் காலையில் செத்தன.

இனி யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. கடையில் உயிரோடு இருந்தது, வீட்டில் செத்தது. கை பட்டால் போய்விடும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற கைகள் மொத்தம் மூன்று ஜோடி. ஜக்கம்மாளுக்கு அலமாரி எட்டாது. தன் கை ஆய்வகத்தில் பத்து வருடம் பழகின கை. மிச்சம் இருப்பது ஒரு ஜோடி, அந்த ஜோடிதான் தினமும் காலையில் அறையைக் கூட்டுகிறது.

“பொன்னு, அந்த ரூம்ல எதையாச்சும் தொட்டியா?”

பொன்னுமணி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஒளிக்கத் தெரியாதவள்.

“ஒண்ணைத் தொட்டேன். ஆனி மாசம் கூட்டும்போது கீழ கெடந்துச்சு. பாப்பா கால்ல குத்திருமேன்னு எடுத்து...”

“போதும்!” என்றான் திருப்பதி. ஏழு ஐ.சி. செத்த துக்கத்தில் அவன் சத்தம் கூடிவிட்டது. “நெனச்சேன். உன் கை பட்டா எதுதான் உருப்படும்? அத்தனையும் எரிஞ்சு போச்சு உன் கையால!”

சொன்ன மறு நிமிடமே இது கொஞ்சம் அதிகம் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அந்த வீட்டு ஆம்பளைகளுக்கு இல்லை. உள்ளே போய் அறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்று சீட்டில் எழுதிவைத்தான். பொன்னுமணி பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு முனியாயி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கப் போகிறவள். எண்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிற இடம் அது. கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. திருப்பதியின் பேச்சு காலையில் குடோனுக்குள் போனபோது ‘ஏதோ சாமான் கெட்டுப்போச்சாம்’ என்று போனது. சாயங்காலம் வெளியே வந்தபோது ‘பொன்னுமணி தொட்டால் கரண்டே செத்துப்போகுது’ என்று வந்தது. மறுநாள் ஆள் ஏற்றிப்போன ஜீப்பில் மலையேறியது.

இந்த இடத்தில் கைராசி சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். கன்னையன் வீட்டில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வருசமும் ஸ்டோரில் முதல் காய் போடும் நாளில், முதல் தட்டைப் பொன்னுமணிதான் வைப்பாள். ஒன்பது வயதில் ஆரம்பித்தது. அந்த வருசம் காய் அப்படி ஒரு பச்சையாக வந்தது. அன்றிலிருந்து அவள் கைதான் கை. கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகும், ஜக்கம்மாளை வயிற்றில் சுமந்தபோதும் ஜீப்பில் போய் வைத்துவிட்டு வந்தாள். வருசத்தில் அந்த ஒரு நாள் அவளை எல்லோரும் எழுந்து நின்று பார்ப்பார்கள். அவளும் அதற்கென்றே ஒரு சுங்கடிச் சேலையைத் தனியாக வைத்திருந்தாள். போன வருசம் மஞ்சளான காய்கூடப் பத்துப் பதினைந்து தடவை காயவைத்து எடுத்த பிறகுதான் மஞ்சளானது. அதற்கு மொக்கையனின் யோசனைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆடி கடைசியில் பொன்னுமணியின் அண்ணன் சுருளிவேல் வந்தான். வீட்டுக்குள் வராமல் ஜீப்புப் பக்கத்திலேயே நின்றான். அப்படி நின்றாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

“ஆவணி மொத வெள்ளி காய் போடுறோம் மாப்ளே. மணி ரெடியான்னு அப்பா கேக்கச் சொன்னாரு.” பிறகு தங்கச்சி பக்கம் திரும்பாமல், ஜீப்பின் டயரைப் பார்த்துச் சொன்னான். “இந்த வருசம் மொதத் தட்ட இருளம்மாளே வைக்கட்டும்னு அப்பா சொல்றாரு. பொன்னு எதுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு அலையணும்னு...”

இருளம்மாள் சுருளிவேலின் மனைவி. 

“மதினியே வைக்கட்டும்ணே” என்றாள் பொன்னுமணி. “காப்பி குடிச்சிட்டுப் போ.”

அவள் குரலில் ஒன்றும் இல்லை. காப்பி கொண்டுவந்தாள், டம்ளரை வாங்கிக் கழுவினாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். திருப்பதி மட்டும் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக் கவனித்து, சொல்லாமல் சாப்பிட்டான். சுங்கடிச் சேலை பெட்டியின் அடிக்குப் போய்விட்டதை அவன் கவனிக்கவில்லை.

அவள் பட்டறைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வர நினைத்தாலும் முடியாது, பூட்டு தொங்கியது. சாவி திருப்பதியின் அரைஞாணில். மறுபடியும் மதுரைக்குப் போய் நாலு ஐ.சி. வாங்கி வந்து, கறுப்புப் பஞ்சை நீக்கி, தெர்மாகோலில் குத்தி, பாலித்தீனில் கட்டி, பல்பைப் போட்டு, பூட்டினான்.

பூட்டுக்குள் இருந்த நாலும் செத்தன.

இப்போது திருப்பதி உண்மையிலேயே சங்கடத்துக்கு ஆளானான். பொன்னுமணியின் கை பூட்டுக்கு வெளியே இருக்கிறது. சாவு பூட்டுக்கு உள்ளே நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தால் விடை எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்ததால் கணக்கையே போடவில்லை. ஒரு நாள் பல்லியைச் சந்தேகப்பட்டான். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தான். மலையிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்று ஈரமே இல்லாமல் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவன் டெரிலின் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்கும். ஜக்கம்மாள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அவளுக்காகவே இரண்டு தடவை கழற்றி மாட்டுவான். பிறகு அந்தச் சட்டையோடு பட்டறைக்குப் போய் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து, பாலித்தீன் பையைத் தேய்த்துப் பிரித்து, ஐ.சி.யை எடுப்பான். கையில் தெர்மாகோல் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். உதறினாலும் போகாது. இரண்டு மாதமாக உதறிக்கொண்டிருந்தான்.

ஆவணி முதல் வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ராஜாராம் சார் பத்தாம் வகுப்புக்கு நிலைமின்சாரம் நடத்தினார். கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்கின் மேல் காட்டினார். காகிதம் அசையவில்லை.

“என்னப்பா திருப்பதி?”

இந்தக் கேள்விக்காகவே திருப்பதி பத்து வருடமாக அந்த ஆய்வகத்தில் இருக்கிறான். முகத்தில் ஒரு களை வந்தது.

“ஈரமா இருந்தா நிக்காது சார். கொண்டாங்க, காயவச்சுத் தர்றேன்.”

அதற்கென்று அவன் சொந்தமாகச் செய்த மரப்பெட்டி ஒன்று உண்டு. உள்ளே ஒரு பதினைந்து வாட்ஸ் பல்பு. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வீட்டு அலமாரியைச் செய்தான். கால்மணி நேரம் சூடு காட்டி எடுத்துக் கொடுத்தான். காகிதத் துணுக்குகள் துள்ளிக்கொண்டு வந்து தண்டில் ஒட்டின. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“அண்ணன் பெட்டி இருக்கப் போயி நமக்கு வருது” என்றார் ராஜாராம் சார். “இதுக்குக் காஞ்ச சூடு வேணும். தண்டுதான்னு இல்ல. பாலித்தீன், தெர்மாகோல், உங்க டெரிலின் சட்டை, எதைத் தேய்ச்சாலும் வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.”

திருப்பதி கையில் தண்டோடு நின்றான். அவனுடைய ஐ.சி. பதினைந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கூடவே வந்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்தத் தாளையும் அவன் பாலித்தீன் பையில் போட்டுத்தான் வைத்திருந்தான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். நாட்காட்டித் தாள் ஒன்றைப் பொடிப்பொடியாகக் கிழித்து மேசையில் போட்டான். அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து மேலே காட்டினான். தாள் மொத்தமும் எழுந்து போய் ஒட்டியது. தெர்மாகோலைக் காட்டினான், ஒட்டியது. சட்டைக் கையைக் காட்டினான், அதற்கும் ஒட்டியது. தளர்ந்துபோய் ஒயர் நாற்காலியில் உட்காரப் போனவன், அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஐ.சி.யைக் கொல்வதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு அலமாரி செய்திருக்க முடியாது.

அவனுக்கு ஐ.சி. ஞாபகம் வரவில்லை. ஜீப்பு டயரைப் பார்த்துப் பேசிய சுருளிவேலும், டம்ளரைக் கழுவிய பொன்னுமணியும்தான் வந்தார்கள்.  

அடுப்படிக்குப் போனான். பொன்னுமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பொன்னு, நாந்தான்.”

“தெரியுது. வேற யாரு வருவா இந்நேரம்.”

“அதில்ல. அந்தப் பதினொண்ணையும் கொன்னது நாந்தான். என் சட்டை, என் பையி, என் பல்பு. உன் கை இல்ல.”

அவள் கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“பதினொண்ணா? மூணு தடவை நாலு நாலா வாங்குனீக. பன்னெண்டுல்ல?”

“மொதத் தடவை கடைக்காரர் ஒண்ணு கொறச்சுக் கொடுத்துட்டாரு.”

“கொறைக்கல” என்றாள் பொன்னுமணி. எழுந்து போய்ப் பரணிலிருந்து புளி ஜாடியை இறக்கினாள். உப்புப் போட்டு உருட்டி வைத்த புளி. மேலிருந்த இரண்டு உருண்டையை எடுத்துவிட்டு மூன்றாவதை வெளியே எடுத்தாள். அதன் மேல் பதினாலு காலையும் உள்ளே புதைத்துக்கொண்டு ஒரு ஐ.சி. உட்கார்ந்திருந்தது.

“கூட்டும்போது கீழ கெடந்துச்சு. பாப்பா கால்ல குத்திருமேன்னு எடுத்து, இதுல சொருகி மேல வச்சேன்” என்றாள். “அன்னைக்கு நீங்க முழுசாக் கேக்கல.”

ஈரமும் உப்பும் உள்ள புளி. பதினாலு காலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, எந்தக் காலிலும் கரண்டு தனியாகத் தேங்காமல் வைத்திருக்கிறது. கறுப்புப் பஞ்சு செய்கிற வேலையும் இதேதான் என்பது திருப்பதிக்கு அப்போதுதான் விளங்கியது. எடுக்கக் கை நீட்டினான். நீட்டிய கையில் டெரிலின் சட்டை இருப்பதைப் பார்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டான். 

“நீயே எடு” என்றான்.

பொன்னுமணி நூல் சேலையில், ஈரச் சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு நின்றாள். புளியிலிருந்து அதைப் பிடுங்கித் தண்ணீரில் அலசினாள். துணியில் ஒற்றி நிழலில் உலர்த்தினாள். புளிக்குப் பித்தளைச் சாமான் விளக்கின பழக்கம், கால்கள் பளபளத்தன. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூர நின்று இடம் சொல்ல, ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போய் அவளே சாக்கெட்டில் செருகினாள். சூடு அறிகிற மிளகளவு சாமானை வெந்நீர் டம்ளரோடு ஒட்டிப் பிடித்தாள்.

மணி அடித்தது. ஜக்கம்மாள் பயந்து அழுதாள். திருப்பதிக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

“நாளைக்கு மலைக்கு நீயும் வா பொன்னு.”

“எதுக்கு? நான் தொட்டாத்தான் எரிஞ்சிருமே.”

“நாந்தான் சொல்லிட்டேனே, உன் கை இல்லைன்னு.”

“இன்னைக்குச் சொன்னது அடுப்படியில எனக்கு மட்டும் கேட்டுச்சு” என்றாள். “அன்னைக்குச் சொன்னது போடி பூராம் கேட்டுச்சு.”

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் மூவரும் போனார்கள். மணியை ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்துப் பொன்னுமணி மடியில் வைத்திருந்தாள். அவள் சாதாரணச் சேலையில்தான் வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் திருப்பதி ஒரு வாக்கியத்தைத் தயாரித்து, அடுத்த வளைவில் அதைக் கைவிட்டான். ‘நிலைமின்சாரம்’ என்று ஆரம்பித்தால் யாருக்கும் விளங்காது. ‘ஒரு சின்னத் தவறு’ என்று ஆரம்பித்தால் அவளுக்கு விளங்கிவிடும். போடிமெட்டில் மேகம் இறங்கி எல்லாம் நனைந்திருந்தது. ஐ.சி.க்கு இதைவிடச் சுகமான ஊர் கிடையாது என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்டோர் முன்னால் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். காய் எடுக்கிற பெண்கள், விறகுக்காரர்கள், மொக்கையன், சுருளிவேல். இருளம்மாள் குளித்து, ஈரத்தலையோடு தட்டைப் பிடித்துக்கொண்டு, தப்புச் செய்தவள் மாதிரி நின்றாள். கன்னையன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓடை இரைந்துகொண்டு ஓடியது.

“மணி ரெடி மாமா” என்றான் திருப்பதி.

“நல்லது.”

“வந்து... மாமா, அந்தச் சாமான் கெட்டது பொன்னு கையால இல்ல. என் தப்பு.”

கன்னையன் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். “என்ன மாப்ளே? தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

திருப்பதி குரலை உயர்த்தினான். “பொன்னு கையில குத்தம் இல்ல மாமா! நாந்தான் கெடுத்தேன்!”

 கன்னையன் மகள் பக்கம் பார்க்கவே இல்லை. கையைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.

“வயசாச்சுல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமா.”

திருப்பதிக்குக் காது மடல் சுட்டது. வாத்தியார்களோடு புழங்குகிறவன், நாலு பேர் மதிக்கிறவன். சரிவில் மேலே காய் எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூட நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். பொன்னுமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழுதடு லேசாக நடுங்கியது. அவன் அதைப் பார்த்தான். ஒரு மாதமாக அந்த முகத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று அவனுக்கு உறைத்தது. அதோடு வெட்கம் போய்விட்டது.

“பதினோரு ஐ.சி.யையும் நாந்தான் கொன்னேன்!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். “என் சட்டையால கொன்னேன்! பாலித்தீன் பையில கட்டிக் கொன்னேன்! பொன்னு கையில பட்டது ஒண்ணே ஒண்ணு! அது ஒண்ணுதான் உசுரோட இருக்கு! அதாலதான் இந்த மணியே அடிக்குது! அவ கைமேல பழி போட்டது நான்! வீண்பழி!”

எதிர்மலையில் ‘பழி’ மட்டும் திரும்பி ஒருமுறை கேட்டது.

கன்னையன் காதிலிருந்து கையை எடுத்தார்.

“சட்டையால எப்படிக் கொல்லுவீக?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகளைப் பார்த்தார். ஒரு மாதமாக அவரும் ஏதோ ஒன்றைத் தூக்கிச் சுமந்திருப்பார் போலும், கண் கலங்கியிருந்தது. “எனக்கும் புத்தி இல்லாமப் போச்சு ஆத்தா. நீயே வையி.”

இருளம்மாள் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். “வெரசா வாங்கு பொன்னு. காலையில இருந்து கை நடுங்குது எனக்கு.”

பொன்னுமணி பிள்ளையைத் திருப்பதியிடம் கொடுத்தாள். ஓடையில் இறங்கிக் கையைக் கழுவினாள். எத்தனை தடவை கழுவினாலும் புளி வாடை அடிப்பதாகச் சொல்லிவிட்டு, அதே கையால் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் முதல் தட்டை வைத்தாள். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குள் ஸ்டோர் நிறைந்தது. மொக்கையன் தீ மூட்டினான். திருப்பதி மணியை உள்ளே மாட்டிவிட்டு, காய் கெடுகிற அளவுக்குச் சூடு ஏறுவதற்கு முன்பாகவே எச்சரிக்கிற மாதிரி திருகி வைத்தான். பிறகு எல்லோரும் அரை பர்லாங் தள்ளி இருந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பொழுது சாயும் நேரம். முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடை இரைச்சலும் காற்றும் சேர்ந்து ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத மாதிரி இருந்தது. திருப்பதி நாலைந்து தடவை ஸ்டோர் பக்கம் காதைத் தீட்டினான். ஒன்றுமில்லை. சுருளிவேலுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கன்னையன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“மணி அடிக்குது. ஓடிப்போயி மொக்கையன எழுப்புங்கப்பா.”

சுருளிவேல் எழுந்து ஓடினான். அவன் ஸ்டோர் கதவைத் திறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு மணிச் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. திருப்பதி மாமனாரின் காதைப் பார்த்தான். கன்னையன் எதுவும் நடக்காத மாதிரி மிச்சக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். 

திருப்பதி மெதுவாகப் பொன்னுமணி பக்கம் திரும்பினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தான். பிறகு சத்தம் வெளியே வந்துவிட்டது. பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தது. திருப்பதி அரைஞாணிலிருந்து பட்டறைச் சாவியை அவிழ்த்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தான்.